கூப்பிட்டுக் கொல்லாதவள்

ஆர்விட் ஹாப்பலா தன் வாழ்நாளில் ஒரு மானையும் சுட்டதில்லை. அதைச் சொல்ல அவனுக்குக் கூச்சமும் இல்லை. நவம்பர் பாதியில் வேட்டைப் பருவம் தொடங்கிவிட்டால், சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே இருந்த அந்தச் சிற்றூர் முழுவதும் ஆரஞ்சுக் கோட்டுக்குள் புகுந்துகொள்ளும். பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு விழும், தேவாலயத்தில் பாதி பெஞ்சு காலியாகிவிடும். அந்த நாட்களில் ஆர்விட் காட்டுக் குடிலில் அடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். காப்பி போடுவான், இறைச்சி அடைத்துச் சுடும் பாஸ்டிக்கு மாவு பிசைவான், நீராவிக் குளியலறைக்கு விறகு பிளப்பான். துப்பாக்கி எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போகிறவள் அவன் மனைவி வெர்னா.

ஆரம்பத்தில் ஊரார் கிண்டல் செய்யாமல் இல்லை. குடிலில் பங்காளியான நோர்பெர்ட் லகோம்பே ஒருமுறை எல்லார் முன்னாலும் கேட்டான்: "ஏம்ப்பா ஆர்விட், உங்க வீட்ல புருஷன் யாரு, பொண்டாட்டி யாரு?"

"அவ சுட்டதை நான் சமைக்கிறேன். நீ சுட்டதை உன் பொண்டாட்டி சமைக்கிறா. அதையும் நீ திங்கிற பாரு, எனக்கு உன்னை நெனச்சாத்தான் பாவமா இருக்கு" என்றான் ஆர்விட். நோர்பெர்ட்டின் மனைவி சமைக்கும் லட்சணத்தை ஊரே அறியும்.

உள்ளுக்குள் ஆர்விட்டுக்கு வெர்னாவைப் பற்றிப் பெருமை தாங்காது. கூட்டுறவுக் கடையில் இறைச்சி வெட்டுகிறவள் அவள். கத்தியை எங்கே வைத்தால் எலும்பு விலகும் என்று தெரிந்த கை. காட்டில் அவள் நடந்தால் சருகு சத்தம் போடாது. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, தடம் எத்தனை பழசு என்று பார்த்து, ஒரு மானுக்காக நாள் முழுக்க அலைவாள். கிடைத்தால் ஒரே தோட்டா. கிடைக்காவிட்டால் வெறுங்கையோடு வந்து, "இன்னைக்கு அது ஜெயிச்சுடுச்சு" என்று சொல்லிவிட்டுச் சூப்பை இரண்டு கிண்ணம் குடிப்பாள்.

அந்தக் குடிலில் அவள் வைத்த சட்டம் ஒன்றுண்டு. தீனி போட்டு மானை வரவழைத்துச் சுடக் கூடாது. அரசாங்கம் அதைத் தடுக்கவில்லை. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சுட்டார்கள். பெட்ரோல் பங்கு வாசலில் கேரட்டும் சர்க்கரை பீட்டும் ஆப்பிளும் மக்காச்சோளமும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும், 'மானுக்கு' என்று பெரிய எழுத்தில் அட்டை தொங்கும். வெர்னா அதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இந்தச் சட்டத்தால்தான் அவள் தம்பி ரெய்னோ குடிலை விட்டுப் பிரிந்து போனான். அப்பா விட்டுப்போன காட்டில் மேற்குப் பாதி அவனுக்கு, கிழக்குப் பாதி அவளுக்கு. ரெய்னோ தன் பங்கில் கால் வைத்த பரண் கட்டினான். பரணுக்குள் எரிவாயு அடுப்பு, சுழல் நாற்காலி, கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்கு எதிரே மக்காச்சோளக் குவியல். அதற்கப்பால் மரத்தை வெட்டி நிலத்தைத் திருத்தி, கோடையில் மானுக்கென்றே டர்னிப்பும் க்ளோவர் புல்லும் விதைத்தான். வேலிக்கு இந்தப் பக்கம் அக்கா தடம் தேடி நடப்பாள், அந்தப் பக்கம் தம்பி நாற்காலியில் சுழல்வான். சண்டை என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அவன் வராமல் இருந்ததில்லை. சாப்பிட்டுக்கொண்டே சண்டை போடுவார்கள்.

அந்த ஆண்டு மார்ச் மாதம் நீராவிக் குளியலறையின் கூரைமேல் ஏறிப் பனியை வாரித் தள்ளிக்கொண்டிருந்த வெர்னா சறுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். கோடை முழுக்க ஊன்றுகோலோடு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்து பழகினாள். "இந்த வருஷம் காடு வேண்டாம்" என்றார் டாக்டர். வெர்னா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டாள்.

குடிலிலிருந்து அவளால் நடக்க முடிந்த தூரம், ஓடைக்குக் கீழே போகும் மரம் ஏற்றிப்போன பழைய வண்டிப் பாதை வரைதான். அங்கே எப்போதோ யாரோ குடியிருந்து விட்டுப்போன இடத்தில் ஒற்றை ஆப்பிள் மரம் காடேறி நின்றது. பெருநெல்லி அளவுக்கு, மஞ்சளாய், சொறி பிடித்த காய்களைக் காய்த்துக் கொட்டும். ஆர்விட் மடக்கு நாற்காலியையும் காப்பிக் குடுவையையும் தூக்கிக்கொண்டு அவளோடு போவான். ஒரு விழுந்த ஊசியிலை மரத்துக்குப் பின்னால் இருவரும் உட்காருவார்கள்.

பருவம் தொடங்கி ஒரு வாரம் போனது. ஒரு வால்கூட ஆடவில்லை. மான் இல்லாமல் இல்லை. பனியில் தடம் இருந்தது. எல்லாத் தடமும் ஓடையைத் தாண்டி, வேலியைத் தாண்டி, மேற்கே ரெய்னோவின் சோளக் குவியலை நோக்கி, திருவிழாவுக்குப் போகிற கூட்டம்போல வரிசையாகப் போனது.

ஞாயிற்றுக்கிழமை ரெய்னோ சாப்பாட்டுக்கு வந்தான். நோர்பெர்ட்டும் இருந்தான். ஆர்விட் பாஸ்டியைச் சுடச்சுட எடுத்து வைத்தான்.

"என்னக்கா, உன் பக்கம் ஒண்ணும் வரலையாமே?" என்றான் ரெய்னோ, ஒரு துண்டைப் பிய்த்தபடி.

"நீ பந்தி போட்டு வச்சிருக்கே. இங்க எப்படிடா வரும்?"

"அப்போ என் பரணுக்கு வந்து உக்காரு. அடுப்பு இருக்கு, மெத்தை வச்ச நாற்காலி இருக்கு. உன் இடுப்புக்கும் நல்லது. ஒரு மணி நேரத்துல ஒண்ணு சாய்ச்சுட்டு வீட்டுக்குப் போலாம்."

"வேண்டாம்."

"ஏன்? அதையாவது சொல்லு. நான் கிட்டத்துல வச்சுச் சுடறேன். மான் அசையாம நிக்குது. ஒரே குண்டு, துடிக்கக்கூட துடிக்காது. இதோ உக்காந்திருக்காரே நோர்பெர்ட், போன வருஷம் ஓடற மானைச் சுட்டு, கால்ல காயம் பண்ணி விட்டாரு. அது எங்க போய் எத்தனை நாள் கிடந்து செத்துச்சோ. எது பாவம், நீயே சொல்லு."

நோர்பெர்ட் தட்டைப் பார்த்துக்கொண்டான். ரெய்னோ சொன்னதில் நியாயம் இருப்பது வெர்னாவுக்கும் தெரியும்.

"அவர் சுட்டிருக்கக் கூடாது. நானே திட்டினேன்" என்றாள். "நீ நல்லாச் சுடறவன்டா. அதை நான் இல்லைங்கல. ஆனா ஒரு உசிரைச் சாப்பிடக் கூப்பிட்டுட்டு, அது தலை குனிஞ்சு திங்கிறப்போ சுடறது என்னால முடியாது. அவ்வளவுதான்."

"அந்த ஆப்பிள் மரத்தடியில உக்காந்திருக்கியே, அது மட்டும் தீனி இல்லையா?"

"அந்த மரம் எனக்காகவா காய்க்குது?"

ரெய்னோ சிரித்துவிட்டான். "மச்சான், இவளோட எப்படி இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினீங்க?"

"எதிர்த்துப் பேசாமத்தான்" என்றான் ஆர்விட்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் தம்பி போனபிறகு வெர்னா ஜன்னலோரம் நின்று, இடுப்பைக் கையால் அழுத்திக்கொண்டு, வெகுநேரம் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததை ஆர்விட் பார்த்தான். இந்தப் பருவம் ஒன்றும் கிடைக்காமல் முடிந்தால் அடுத்த பருவம் அவள் வருவாளா என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் அவனைத் தூங்கவிடவில்லை. தம்பி சொன்ன ஆப்பிள் பேச்சு வேறு தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

மறுநாள் பிற்பகல் வெர்னா களைத்துப் படுத்திருந்த நேரத்தில், மாவு வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆர்விட் பெட்ரோல் பங்குக்குப் போனான். கல்லாவில் மேவிஸ் இருந்தாள். ஆப்பிள் மூட்டையை அவன் தோளில் ஏற்றியதும் அவள் புருவம் நெற்றிக்கு ஏறியது.

"வெர்னாவுக்குத் தெரியுமா?"

"அடுப்புல ஆப்பிள் பை சுடப் போறேன்."

"இது அடிபட்ட பழம். மான் திங்கும், மனுஷன் திங்க மாட்டான்."

"என் கை பட்டா திங்கலாம்" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தான்.

ஓடைக்குக் கீழே போய், ஆப்பிள் மரத்தடியில் பழங்களை ஒவ்வொன்றாக இறைத்தான். தானாக உதிர்ந்ததுபோல இருக்க வேண்டும் என்று சிலதை வேரடியில் வைத்தான், சிலதை உருட்டிவிட்டான். அன்றிரவு பனி கொட்டி எல்லாவற்றையும் மூடியது. காலையில் வெர்னாவோடு போய் உட்கார்ந்தபோது ஒரு சுவடும் தெரியவில்லை. மான் மூக்குக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று ஆர்விட் மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

வெளிச்சம் நன்றாக வந்தபிறகு அது வந்தது.

ஓடைப் பக்கத்துப் புதரிலிருந்து முதலில் கொம்பு தெரிந்தது. பிறகு கழுத்து. அப்படியொரு கலைமானை ஆர்விட் இறைச்சியாகக்கூடப் பார்த்ததில்லை. பருத்த கழுத்து, கிளை கிளையாக விரிந்த கொம்பு, மூச்சு விடும்போதெல்லாம் மூக்கிலிருந்து புகை. நேராக மரத்தடிக்கு வந்து பக்கவாட்டில் நின்றது. வெர்னா துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவந்தாள். தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள்.

மான் முன்னங்காலால் பனியைக் கிளறியது. வெள்ளைக்கு நடுவே ஓர் ஆப்பிள் உருண்டு வெளியே வந்தது. நல்ல சிவப்பு. மான் அதைக் கடித்தது, இன்னொரு முறை கிளறியது, இன்னொரு சிவப்பு வந்தது.

வெர்னாவின் விரல் விசையிலிருந்து விலகியதை ஆர்விட் பார்த்தான். அவள் துப்பாக்கியை மெதுவாக மடியில் இறக்கினாள். மான் தின்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஆசை இருந்தது, நன்றாகவே தெரிந்தது. பிறகு ஊன்றுகோலை எடுத்து எதிரே கிடந்த மரத்தில் ஓங்கித் தட்டினாள்.

மான் நிமிர்ந்தது. வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு இரண்டே தாவலில் ஓடையைக் கடந்து மேற்கே மறைந்தது.

"இந்த மரம் எப்போலேருந்து சிவப்பா காய்க்குது?" என்றாள் வெர்னா.

"உன் இடுப்பு... ஒரு வாரமா ஒண்ணுமே..." என்றான் ஆர்விட்.

"எனக்காகத்தான் செஞ்சே. அது தெரியுது." அவள் குரல் உயரவில்லை. "ஆனா ஆர்விட், நடக்க முடியாமப் போனதும் நான் வேற ஆளாயிட்டேன்னு நெனச்சியா?"

அடித்திருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு வலித்திருக்காது. எழுந்து போய் மண்டியிட்டு, பனியைக் கிளறி, ஆப்பிள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோட்டுப் பையில் போட ஆரம்பித்தான். விரல் மரத்துப்போனது. அவன் குனிந்திருந்தபோதே மேற்கிலிருந்து ஒரு வேட்டுச் சத்தம் கேட்டது. ஒன்றே ஒன்று. அதன்பிறகு காடு அமைதியாகிவிட்டது.

அவன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான்.

"ரெய்னோ" என்றாள் அவள். "சுத்தமா விழுந்திருக்கும். பொறுக்கு, பொறுக்கு, அந்தக் கல்லுக்குப் பின்னால ரெண்டு இருக்கு."

சனிக்கிழமை ஊர்ச் சதுக்கத்தில் மான் கட்டும் கம்பத்தைச் சுற்றிக் கூட்டம் கூடியிருந்தது. அந்தப் பருவத்தில் விழுந்த மான்களெல்லாம் கொம்போடு வரிசையாகத் தொங்கின. நடுநாயகமாகத் தொங்கியது ரெய்னோவின் மான். தோளில் தட்டுகிறவர்களும் படம் எடுக்கிறவர்களுமாக அவனைச் சூழ்ந்திருந்தார்கள். வெர்னா ஊன்றுகோலோடு வந்து தம்பியின் கையைக் குலுக்கினாள்.

"அக்கா, உன்னைத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தேன்" என்றான் ரெய்னோ, நாலு பேருக்குக் கேட்கிற குரலில். மானின் உதட்டை விலக்கிக் காட்டினான். பல்லிடுக்கில் சிவப்புத் தோல் ஒட்டியிருந்தது. "என் பக்கம் சோளம், டர்னிப். ஆப்பிள் கிடையாது. கிழக்கே இருக்கறது உன் காடு. உன் மரத்துல காய்க்கறது மஞ்சள். அப்போ இந்தச் சிவப்பு ஆப்பிள் யாரோடது?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. இத்தனை வருடம் வெர்னாவிடம் பேச்சு வாங்கியவர்கள் அதில் பலர் இருந்தார்கள். "சட்டம் ஊருக்குத்தான் போல" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னான். மேவிஸும் அங்கே காப்பிக் குவளையோடு நின்றிருந்தாள். அவள் ஆர்விட்டைப் பார்த்தாள்.

வெர்னா நிமிர்ந்து நின்றாள். "எங்க பக்கத்து ஆப்பிள்தான்" என்றாள். புருஷன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழி முழுவதையும் வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

ஆர்விட் கூட்டத்தில் பேசிப் பழகாதவன். ஆனாலும் அவன் கால்கள் தாமாகவே கம்பத்தடிக்குப் போயின.

"போட்டது நான்" என்றான். "மேவிஸ்கிட்ட வாங்கினேன், கேளுங்க. இவளுக்குத் தெரியாது. இந்த மான் வந்துது. இந்தக் கம்பத்துக்கும் அந்த வண்டிக்கும் இருக்கற தூரம்தான். பக்கவாட்டுல நின்னுது. இவ துப்பாக்கியைத் தூக்கிட்டா. மான் பனியைக் கிளறி ஒரு பழத்தை எடுத்துது. சிவப்பைப் பாத்தா, துப்பாக்கியை இறக்கிட்டா. கோலால தட்டி மானை விரட்டிவிட்டா. என்னை மண்டிபோட வச்சு அத்தனை பழத்தையும் பொறுக்க வச்சா. இதுதான் நடந்துது. யாருக்காவது சிரிக்கணும்னா என்னைப் பாத்துச் சிரிங்க."

யாரும் சிரிக்கவில்லை. மேவிஸ் மட்டும், "ஆப்பிள் பை சுடறேன்னு சொன்னப்பவே தெரியும்" என்று முணுமுணுத்தாள்.

ரெய்னோ மானைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். "இதையா? இதையா விட்டே?"

"இதைத்தான்."

"கெடந்து அலைஞ்சாலும் இனிமே இப்படி ஒண்ணு உனக்குக் கிடைக்காதுக்கா."

"கிடைக்காது." வெர்னா மானின் விலா மேல் கை வைத்து, தோட்டா நுழைந்த இடத்தைக் இறைச்சி வெட்டுகிறவளின் விரலால் தடவினாள். "நல்லாச் சுட்டிருக்கேடா. சரியான இடம். இது உன் மான், எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்லை."

"நான் தீனி போடறதை நிறுத்த மாட்டேன்."

"நிறுத்துன்னு யாரு சொன்னா?"

ரெய்னோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டான். "உனக்கு நிஜமாவே பைத்தியம்தான்" என்றான். ஆனால் அதைச் சொன்னபோது குரலில் பழைய எகத்தாளம் இல்லை. யாரோ அவனை மறுபடி படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். அவன் போய் நின்றான், மானின் கொம்பைப் பிடித்துக்கொண்டு, முன்னைப்போலச் சிரிக்காமல்.

வண்டியில் திரும்பும்போது ஆர்விட் கேட்டான்: "என்னைக் காட்டிக்குடுத்திருக்கலாமே?"

"நம்ம பக்கத்து ஆப்பிள்தானே" என்றாள் வெர்னா. கொஞ்சம் கழித்து, "மண்டிபோட வச்சேன்னு சொல்லியிருக்க வேண்டாம். நீயாத்தான் போட்டே" என்று சொல்லிச் சிரித்தாள்.

பருவம் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. அவளால் நடக்க முடிகிற தூரத்தில் மான் இல்லை என்பது தெளிவாகிவிட்டது. மறுநாள் காலை ஆர்விட், ஏரியில் தூண்டில் போடப் போகிறவர்கள் இழுத்துப்போகும் பனிச்சறுக்குப் பலகை ஒன்றை நோர்பெர்ட்டிடம் வாங்கிக்கொண்டு வந்தான். மேலே ஒரு கம்பளியை விரித்தான்.

"ஏறு."

"என்னை மூட்டை மாதிரி இழுத்துட்டுப் போகப்போறியா?"

"மூட்டை இவ்வளவு பேசாது. ஏறு."

பீவர்கள் அணை கட்டி உறைந்துபோன குளத்தைக் கடந்து, கிழக்கே, யாரும் தீனி போடாத தேவதாரு சதுப்புக்குள் அவளை இழுத்துக்கொண்டு போனான். மூச்சு வாங்கியது. அடிக்கடி நின்றான். அவள் பலகையில் உட்கார்ந்தபடி வழி சொல்லிக்கொண்டே வந்தாள். "இடது பக்கம். காத்து மாறுது. அந்தப் பெரிய மரத்தடியில இறக்கு. நீ பின்னால போய் உக்காரு, இருமாதே." முதல் நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. ஆர்விட்டின் முதுகு கழன்றுவிடும்போல வலித்தது. கடைசி நாள் அவன் எழுந்தபோது அவள் ஏற்கெனவே கம்பளி விரித்துப் பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று மதியம், தேவதாரு இலையைக் கொறித்தபடி ஓர் இளங்கிடா மான் தன் வழியே நடந்து வந்தது. விரல் நீளத்துக்கு இரண்டு கொம்பு, கிளைகூட இல்லை. யாரும் அதைக் கூப்பிடவில்லை. நின்று காதைத் திருப்பியது, மோந்து பார்த்தது, திரும்பி ஓடவும் நினைத்தது. வெர்னா அது முழுசாகப் பக்கவாட்டில் திரும்பி நிற்கும்வரை பொறுத்திருந்து சுட்டாள். ஒரே தோட்டா. நின்ற இடத்திலேயே அது மடங்கி விழுந்தது.

அவள் கோலை ஊன்றி ஊன்றிப் போய் அதன் பக்கத்தில் நின்று, கையுறையைக் கழற்றி, இன்னும் சூடாக இருந்த கழுத்தில் உள்ளங்கையை வைத்தாள். ஆர்விட் தள்ளியே நின்றான்.

திரும்பும்போது பலகையில் மான் வந்தது. வெர்னா நடந்தாள். வேண்டாம், இரண்டு தடவையாகப் போகலாம் என்று ஆர்விட் எவ்வளவோ சொன்னான். அவள் கேட்கவில்லை. அத்தனை தூரத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு, நின்று நின்று, அவன் இழுத்த தடத்திலேயே நடந்து வந்தாள்.

அவர்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் கம்பத்தில் பாதி மான்களை இறக்கி எடுத்துப்போயிருந்தார்கள். ஆர்விட் இளங்கிடாவைத் தூக்கிக் கட்டினான். காலி இடத்துக்கு நடுவே அது ஆட்டுக்குட்டிபோலத் தொங்கியது. அவ்வழியே போன வெளியூர் வேட்டைக்காரன் ஒருவன் நின்று பார்த்துவிட்டு, "இதையெல்லாம்கூடவா தொங்கவிடறீங்க? யாரு சுட்டது?" என்று கேட்டான்.

"என் பொண்டாட்டி" என்றான் ஆர்விட். "உனக்கு நேரம் இருக்கா? உக்காரு. முழுசாச் சொல்றேன்."

வண்டிக்குள்ளிருந்து வெர்னா ஜன்னலை இறக்கி, "ஆர்விட், எனக்குப் பசிக்குது" என்று கத்தினாள். அவன் கையைக் காட்டிப் பொறு என்றான். அந்த ஆளைத் தோளில் அழுத்தி உட்காரவைத்துவிட்டு, மார்ச் மாதத்துக் கூரையிலிருந்து ஆரம்பித்தான்.